சொந்த வார்த்தைகளில்

பிப்ரவரி 9

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னவர் என் வீட்டுக்காரர். பத்து நாளாகப் போனில் நச்சரித்ததால்தான் எழுதுகிறேன். நாம் பேசி நான்கு வருடம் ஆகிறது. இப்போதும் உறவு கொண்டாட வரவில்லை, காரியமாக வந்திருக்கிறேன்.

விஷயம் இது. வெளிநாட்டில் நர்ஸாகச் சேர ஆங்கிலத் தேர்வில் நான்கு பிரிவிலும் ஏழு வேண்டும். கேட்பதில் எட்டு, படிப்பதில் ஏழரை, பேசுவதில் ஏழு வாங்கிவிட்டேன். எழுதுவதில் ஆறரை. மூன்று முறை எழுதி மூன்று முறையும் ஆறரை. பழுதான எடை மெஷின் மாதிரி அதே எண்ணில் நிற்கிறது. அங்கே ஒரு மருத்துவமனை எனக்கு வேலை தருவதாக எழுத்தில் கொடுத்திருக்கிறது. மே 31க்குள் மதிப்பெண் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. அதற்குள் எழுதக் கிடைப்பது ஒரே ஒரு தேர்வு, ஏப்ரல் 20.

அவர் அங்கே போய் இரண்டு வருடம் ஆகிறது. ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கும் வேலை. பாப்பாவுக்கு ஆறு வயது. "அப்பா எங்கே?" என்று கேட்டால், சார்ஜரில் போட்டிருக்கும் போனைக் காட்டுகிறாள். முதல் தடவை சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

உங்களிடம் படித்தவர்கள் எழுத்தில் தேறிவிடுகிறார்கள் என்று அவருடன் வேலை செய்பவர் சொன்னாராம். நான் கடைசியாக எழுதிப் பார்த்த கட்டுரையை இத்துடன் வைத்திருக்கிறேன். எங்கே தப்பு என்று மட்டும் எழுதுங்கள். போன் பண்ண வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் அப்பா போன அந்த வாரம் ஞாபகம் வரும், அப்புறம் ஒரு வரி படிக்க முடியாது. அந்த வாரத்தைப் பற்றி நீங்களும் எழுதக் கூடாது.

அண்ணனிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். நான்கு வருடமாக என்னோடு பேசாதவர் இனிமேல் பேசப் போகிறாரா என்ன?

நாத்தனார்


பிப்ரவரி 15

நர்ஸம்மாவுக்கு,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும், வகுப்பில் பதினெட்டுப் பேரை அம்போ என்று விட்டுவிட்டுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்து படித்தேன். எனக்குச் சந்தோஷம். சந்தோஷப்படக் கூடாது என்று நீ நிபந்தனை போடவில்லை, அதனால் எழுதிவிட்டேன்.

இனி காரியம். கட்டுரையை மூன்று முறை படித்தேன். இலக்கணம் சுத்தம். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. கையெழுத்து அச்சு மாதிரி. அப்புறம் சிவப்புப் பேனாவை எடுத்து, கேள்வித்தாளில் இருக்கிற சொற்கள் உன் கட்டுரையில் எங்கெல்லாம் அப்படியே வந்திருக்கின்றன என்று கோடு போட்டேன். இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன், நீயே பார். முதல் பத்தி முழுக்கச் சிவப்பு. கடைசிப் பத்தி முக்கால்வாசி சிவப்பு. நடுவில் அங்கங்கே அம்மை போட்டிருக்கிறது.

அம்மாடி, கேள்வியைத் திரும்ப எழுதினால் அது கேள்வி கேட்டவருடைய எழுத்து. திருத்துகிறவர் அந்த வரிகளைத் தள்ளிவிட்டு மிச்சத்துக்குத்தான் மதிப்பெண் போடுவார். இருநூற்றைம்பது சொல் எழுதினோம் என்று நீ நிம்மதியாக எழுந்து வருகிறாய். அவர் கணக்கில் அது நூற்றெண்பதுதான். உனக்கு ஆங்கிலம் தெரியும். தெரியும் என்பதை அவருக்குக் காட்டவே மாட்டேன் என்கிறாய்.

கேள்வியை உன் சொந்த வார்த்தைகளில் சொல்லப் பழக வேண்டும், அவ்வளவுதான் நோய். ஆங்கிலத்தை இப்போதைக்கு மூட்டை கட்டி வை. முதலில் தமிழில் செய். இதோ ஒரு கேள்வி: "பல நாடுகளில் முதியவர்கள் தனியாக வாழ்கிறார்கள். இது குடும்பங்களுக்கு நல்லதா?" இதையே வேறு மாதிரி சொல்லி அனுப்பு.

ஒன்று மட்டும் புரியவில்லை. பன்னிரண்டு வருடம் வார்டில் நின்றவள், நாலு பேரோடு நாலு விதமாகப் பேசத் தெரிந்தவள், பேனாவை எடுத்ததும் ஏன் இப்படிக் காப்பி அடிக்கிறாய்?

அண்ணி


பிப்ரவரி 22

அண்ணிக்கு,

காப்பி அடிப்பது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் ஒழுங்கு.

டாக்டர் போனில் மருந்து சொன்னால் நான் எழுதிக்கொள்வேன். எழுதியதை ஒரு சொல் பிசகாமல் அவருக்கே திருப்பிப் படிப்பேன். அவர் சரி என்ற பிறகுதான் மருந்தைத் தொடுவேன். நோயாளி, "நெஞ்சு மேல யாரோ உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு" என்று சொன்னால் அதை அப்படியே எழுதுவேன். "நெஞ்சு வலி" என்று சுருக்க எனக்கு அதிகாரம் இல்லை. நான் புதிதாகச் சேர்ந்த வருடம் டாக்டர் ஒருவர், "வலி இருந்தா மட்டும்" என்று ஒரு ஊசி சொன்னார். கூட இருந்த பெண் "வலிக்கு" என்று எழுதிவிட்டாள். அர்த்தம் ஒன்றுதானே என்று நினைத்தாள். அடுத்த ஷிப்டில் வந்தவர்கள் மணி தவறாமல் போட்டார்கள். அந்த ஆள் ஒன்றரை நாள் கண் திறக்கவில்லை. பிழைத்துக்கொண்டார். அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து நான் யார் சொன்னதையும் மாற்றிச் சொல்வதில்லை. தேர்வுத்தாளைப் பார்த்தாலும் கை தானாக அதையே செய்கிறது. சொன்னதை மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா? அந்த வாரத்தைப் பற்றி எழுதக் கூடாது என்று சொன்னவள் நான்தான். ஆனாலும் வந்துவிட்டது. அடிக்காமல் விடுகிறேன்.

பயிற்சி கீழே. அகராதி வைத்துச் செய்தேன்.

"எண்ணற்ற தேசங்களில் புராதனமானவர்கள் ஏகாந்தமாக ஜீவிக்கிறார்கள். இஃது குலங்களுக்கு க்ஷேமமா?"

இதற்கு ஒரு மணி நேரம் ஆனது. எனக்கே நன்றாக இல்லை.

நாத்தனார்


மார்ச் 1

நர்ஸம்மாவுக்கு,

புராதனமானவர்கள்! அவர்களை வீட்டிலா வைத்திருக்கிறார்கள், மியூசியத்திலா? படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் எட்டிப் பார்த்தார். கோபித்துக்கொள்ளாதே. என்னிடம் வருகிற அத்தனை பேரும் முதல் வாரம் இதைத்தான் செய்கிறார்கள். சட்டைக்குப் பட்டனை மாற்றிவிட்டுப் புதுச் சட்டை என்கிறார்கள்.

இப்படிச் செய். கேள்வியை இரண்டு தரம் படி. தாளைக் கவிழ்த்து வை. ஜன்னல் பக்கம் பார். உனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் எதிரில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, என்ன கேட்டிருக்கிறார்கள் என்று அவருக்கு வாயால் சொல். சொன்னதை எழுது. அதற்குப் பிறகுதான் தாளைத் திருப்ப வேண்டும். வாக்கியத்தின் கடைசியில் இருந்தது முதலில் வந்திருக்கலாம், இரண்டு வாக்கியம் ஒன்றாகியிருக்கலாம், பெயர்ச்சொல் வினையாகியிருக்கலாம். எல்லாம் நல்லதே. விமானத்தை விமானம் என்றே எழுது, அதற்கு ஆகாயக் கப்பல் என்று பெயர் வைக்காதே.

அப்புறம் ஒன்றே ஒன்று சரிபார்க்க வேண்டும். அதன் எடை. "சிலர் நினைக்கிறார்கள்" என்பது உன் கையில் "எல்லோருக்கும் தெரியும்" என்று ஆகியிருந்தால் தப்பு. "உடனே" என்பது "முடிந்தால்" என்று ஆகியிருந்தால் தப்பு. சொல்லை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்று, எடை குறையக் கூடாது, கூடவும் கூடாது. இதை நான் எல்லா வகுப்பிலும் முதல் நாளே சொல்கிறேன். எங்கே கற்றுக்கொண்டேன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு நாள் யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன். நிபந்தனையை நானும் மீறுகிறேன். அன்று காலை நீ போனில் சொன்னது எனக்கு இன்றும் மனப்பாடம்: "அப்பாவுக்கு ரெண்டு நாள் தாங்காது. அண்ணனை உடனே கிளம்பி வரச் சொல்லுங்க." நான் உன் அண்ணனிடம் சொன்னது: "மாமாவுக்குக் கொஞ்சம் முடியலையாம். லோடை இறக்கிட்டு ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போங்க." அவர் அப்போது மலைப் பாதையில் லாரியில் இருந்தார். பின்னால் பதினாறு டன் சிமெண்ட். உள்ளதை உள்ளபடி சொன்னால் அழுதுகொண்டே ஓட்டுவார், வளைவில் எங்காவது போய்விடுவார் என்று பயந்தேன். அவர் லோடை இறக்கிவிட்டு மூன்றாம் நாள் வந்தார். மாமா இரண்டாம் நாளே போய்விட்டார்.

இது உனக்குத் தெரியும், மாமா போன அன்று ராத்திரியே உன்னிடம் ஒப்புக்கொண்டேன். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அன்று வீட்டு வாசலில் உன் அண்ணன், "நர்ஸா இருந்தும் என் தங்கச்சிக்கு இது தெரியாமப் போச்சா? எனக்கு ஏன் ஒழுங்கா சொல்லி அனுப்பல?" என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. நீ அப்படித்தான் சொல்லி அனுப்பினாய் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் உன்னோடு பேசாததற்குக் காரணம் அதுதான்.

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. பயிற்சிக்குப் பத்துக் கேள்வி இத்துடன்.

அண்ணி


மார்ச் 19

நர்ஸம்மாவுக்கு,

பதினெட்டு நாளாகிவிட்டது. பதில் வராது என்று எனக்குத் தெரியும், தபால் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்பது மட்டும் நிற்கவில்லை.

என்னைத் திட்டுவதாக இருந்தால் திட்டு. தேர்வை மட்டும் விட்டுவிடாதே. என் மேல் உள்ள கோபத்தில் உன் வீட்டுக்காரரையும் பாப்பாவையும் காய வைக்காதே. இன்னும் பத்துக் கேள்வி வைத்திருக்கிறேன். எனக்கு அனுப்பப் பிடிக்காவிட்டால் நீயே எழுதி நீயே சிவப்புக் கோடு போட்டுப் பார்.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

உங்கள் மார்ச் 1 கடிதத்தை நான்காக மடித்துச் சீருடைப் பையில் வைத்துக்கொண்டு பத்து நாள் வேலைக்குப் போனேன். கிழிக்கவும் முடியவில்லை, திரும்பப் படிக்கவும் முடியவில்லை. நான்கு வருடமாக அண்ணனுக்கு உண்மை தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரிந்தும் என் மேல் கோபப்படுகிறாரே என்று ஆறாமல் இருந்தேன். உங்களை மன்னிப்பதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எதுவும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை ஷிப்ட். எட்டாம் கட்டிலில் ஒரு அம்மா. டாக்டர் பார்த்துவிட்டு என்னைத் தள்ளிக் கூட்டிப் போய், சிறுநீரகம், இதயம், இரத்த அழுத்தம் என்று நான்கு வரி சொன்னார். மகனுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். மகனுக்கு ஐந்து மணி நேரம் தள்ளி ஒரு தொழிற்சாலையில் வேலை. நான் போன் பண்ணினேன். பின்னால் மெஷின் சத்தம். "அம்மா எப்படி இருக்காங்க சிஸ்டர்?" என்றார். என் வாய், "கொஞ்சம் சோர்வா இருக்காங்க, முடிஞ்சா நீங்க ஒரு தரம்..." என்று ஆரம்பித்தது.

அண்ணி, நான் அப்படியே நின்றுவிட்டேன். அது உங்கள் குரல்.

அந்தப் பக்கம், "ஹலோ, ஹலோ" என்கிறார். ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சொன்னேன்: "தம்பி, அம்மாவுக்கு நேரம் கம்மியா இருக்கு. மருந்து இனிமே பெரிசா கேக்காதுன்னு டாக்டர் சொல்றாரு. இன்னைக்கே, இப்பவே கிளம்புங்க. நீங்க வண்டி ஓட்டாதீங்க, வேற யாரையாவது ஓட்டச் சொல்லுங்க." அவர் சாயங்காலம் நான்கு மணிக்கு வந்துவிட்டார். அம்மாவுக்குப் பேச்சு இருந்தது. மகனைப் பார்த்து, "ஏன்டா இளைச்சுட்டே?" என்று திட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. டாக்டர் சொன்ன நான்கு வரியில் ஒரு சொல்லைக்கூட நான் அந்த மகனிடம் சொல்லவில்லை. விஷயம் ஒரு இம்மிகூடக் குறையவில்லை. சொந்தக்காரர்களிடம் இதைத் தினமும் செய்கிறேன். மருந்துச் சீட்டில்தான் மாற்றக் கூடாது. தேர்வுத்தாள் மருந்துச் சீட்டு இல்லை என்பது எனக்கு இவ்வளவு நாள் தெரியவில்லை.

இன்னொன்றும் உறைத்தது. யார் யாருக்கோ போன் பண்ணிச் சொல்லத் தெரிந்த நான், அன்று ஏன் அண்ணனுக்கு நேராகப் பண்ணவில்லை? நம்பர் இருந்தது. கையில் போனும் இருந்தது. "அப்பா போகப் போறாரு" என்று அண்ணனிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் அந்த வேலையை உங்கள் தலையில் கட்டினேன்.

ஐந்து கேள்விக்கு முன்னுரை எழுதி வைத்திருக்கிறேன், ஆங்கிலத்தில். முதல் கேள்வியைத் தமிழிலும் சொல்லிப் பார்த்தேன். "நகரங்களில் போக்குவரத்து நெரிசல் அதிகரிக்கச் சொந்த வாகனங்களே காரணம் என்று சிலர் கருதுகிறார்கள்" என்பது கேள்வி. "ஆளுக்கொரு வண்டி வைத்திருப்பதால்தான் நகரத்துச் சாலைகளில் நகர முடியவில்லை என்பது ஒரு சாராரின் எண்ணம்" என்று எழுதினேன். ஒரு மணி நேரம் ஆகவில்லை, நான்கு நிமிடம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அண்ணனிடம் சொல்லுங்கள். நான் அன்று சொன்னதை, சொன்ன மாதிரியே.

நாத்தனார்


ஏப்ரல் 9

நர்ஸம்மாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்த பிறகு. நீ சொன்ன இரண்டு வாக்கியம், நான் சொன்ன இரண்டு வாக்கியம். சமாதானம் எதுவும் சேர்க்கவில்லை. உன் அண்ணன் எழுந்து போய் லாரியைக் கழுவ ஆரம்பித்தார். முந்தின நாள்தான் கழுவியிருந்தார். ஒன்றரை மணி நேரம் கழுவினார். உள்ளே வந்து, "அவ சொன்னதை இன்னொரு தரம் சொல்லு" என்றார். சொன்னேன். "நாலு வருஷம்" என்றார். அவ்வளவுதான். மூன்று நாளாக என்னோடு பேச்சு இல்லை. இன்று காலை தேநீர் வைத்துக் கொடுத்ததும் குடித்துவிட்டு, "அவ பரீட்சை என்னைக்கு?" என்று கேட்டார். தேதியும் இடமும் எழுதி வாங்கிக்கொண்டார்.

அவர் என்னை என்ன செய்தாலும் தகும். ஆனாலும் நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது, பொய் சொல்வானேன்.

உன் முன்னுரைகள். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து: சிவப்புப் பேனாவுக்கு வேலையே இல்லை. நான்காவதில் "குறையக்கூடும்" என்பதை "குறைந்துவிடும்" என்று அர்த்தம் வருகிற மாதிரி எழுதியிருக்கிறாய், எடை ஏறிவிட்டது. அதை மட்டும் பார்த்துக்கொள். நான் உனக்குச் சொல்லித் தர இனி ஒன்றும் இல்லை. நன்றாகத் தூங்கிவிட்டுப் போ. இரண்டு பேனா எடுத்துக்கொள்.

அண்ணி


மே 12

அன்புள்ள அண்ணிக்கு,

ஏழு.

எழுத்தில் ஏழு. நேற்று மத்தியானம் வார்டில் போனைப் பார்த்தேன். அவருக்குப் போன் பண்ணினால், "ஏழா? ஏழா?" என்று அதையே கேட்கிறார். யாருடைய ஃப்ரிட்ஜையோ திறந்து போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாராம். பாப்பா மட்டும், "அப்ப அப்பாவைத் தொடலாமா?" என்று கேட்டாள்.

தேர்வன்று நடந்ததை இத்தனை நாள் உங்களுக்கு எழுதாமல் இருந்தேன். காலை ஏழேகாலுக்குக் கதவைத் திறந்தால் தெருவை அடைத்துக்கொண்டு லாரி. அண்ணன் இறங்கவில்லை. கதவை மட்டும் திறந்து, "ஏறு" என்றார். நான்கு வருடத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் சொல். ஆங்கிலத் தேர்வுக்கு லாரியில் போய் இறங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வாசல் காவலாளி சரக்கு எங்கே என்று கேட்டார்.

நூலகங்களைப் பற்றிக் கேள்வி. தாளைக் கவிழ்த்துவிட்டு, அண்ணன் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பதாக நினைத்து அவருக்குச் சொன்னேன். அதைத்தான் எழுதினேன்.

வெளியே வந்தபோது அவர் அங்கேயே நின்றார். திரும்பும் வழியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "அப்பா கடைசியா என்னைக் கேட்டாரா?" என்றார். அதற்கு நான் சொன்ன பதிலை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். நானே எழுதுகிறேன், நீங்கள் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலை அப்பாவுக்கு நினைவு இருந்தது. "பெரியவன் எங்க?" என்று கேட்டார். "வந்துட்டே இருக்காருப்பா, சீக்கிரம் வந்துடுவாரு" என்றேன். அப்பா சொன்னது இது, ஒரு சொல்லும் நான் மாற்றவில்லை: "மலையில வண்டி ஓட்டுறவனை அவசரப்படுத்தாதீங்கம்மா. மெதுவா வரட்டும். நான் போனா போறேன்."

அண்ணி, நான்கு வருடமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உங்கள் மேல் கோபப்பட எனக்கு இடம் இருந்திருக்காது. நீங்கள் பயந்ததற்கே அப்பாவும் பயந்தார். யார் சொன்னதையும் மாற்றாதவள் என்று உங்களுக்கு அவ்வளவு பெருமையாக எழுதினேன். மாற்றவில்லைதான். விழுங்கிவிட்டேன்.

அண்ணன் இதைக் கேட்டுவிட்டு ஸ்டியரிங்கில் தலை வைத்துக்கொண்டார். அப்புறம், "உங்க அண்ணிகிட்ட சொல்லணும்" என்றார்.

விசா வேலை முடிய ஒரு மாதம் ஆகுமாம். ஜூன் 29 பயணம். நீங்கள் அண்ணனோடு வாருங்கள். இரண்டு நாள் முன்னதாகவே வந்து எங்களோடு இருங்கள். என் மேல் கோபம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

உங்கள் நாத்தனார்